லேப்டாப்புக்கு பாஸ்வேர்டு போட்டாச்சு, சாவி யாருகிட்ட இருக்கு?



வரி சம்பந்தமான பேப்பர் எல்லாத்தையும் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டரில் போட்டு வச்சுக்கோங்கன்னு போன வீடியோவில் சொல்லியிருந்தேன். ஃபார்ம் 16, ஏஐஎஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது, இன்சூரன்ஸ் ரசீது எல்லாம். அதைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "சார், மொத்தத்தையும் ஒரே இடத்துல வச்சா, லேப்டாப் தொலைஞ்சா மொத்தமும் போயிடுமே? ஸ்டார்ட்டப் பாஸ்வேர்டு போட்டிருந்தா போதுமா?"

போதாது. ஆனா கண்டிப்பா போடணும். இரண்டும் உண்மைதான். நான் கணக்குப் பார்க்கிற ஆள், கம்ப்யூட்டர் என்ஜினீயர் கிடையாது. இந்த விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 2023 டிசம்பர் வெள்ளம். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரே வெள்ளம், இரண்டு லேப்டாப்

நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த நாளை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் விடாம மழை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. தாமிரபரணி கரையைத் தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கிட்டு நின்றது. தூத்துக்குடி டவுனுக்குள்ளேயும் பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணி வடியலை.

தண்ணி வடிந்ததும் முதலில் தேடினது வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, நகை. அப்புறம் பைக், ஃப்ரிட்ஜ். லேப்டாப் ஞாபகம் வந்தது அதுக்கும் பிறகுதான். ஆனா டிசம்பர் 31 நெருங்கிக்கிட்டு இருந்தது. 2022-23 நிதியாண்டு வருமானத்துக்கு ஜூலையில் ரிட்டர்ன் போட மறந்தவங்க தாமதக் கட்டணத்தோட போடறதுக்கு அதுதான் கடைசி நாள். வருமானம் 5 லட்சத்துக்குள்ள இருந்தா 1,000 ரூபாய், அதுக்கு மேல இருந்தா 5,000 ரூபாய். என் போனுக்கு வந்த அழைப்பு பாதி ஒரே மாதிரி இருந்தது: "சார், ஃபார்ம் 16 லேப்டாப்புல இருக்கு. லேப்டாப் தண்ணில கெடக்கு."

(ஃபார்ம் 16 போனா பயப்பட வேண்டாம். கம்பெனியில் கேட்டா திரும்பவும் தருவாங்க. வரி பிடிச்ச விவரம் 26ஏஎஸ்ஸில் இருக்கும். இன்னைக்குப் பேசப்போறது வேற.)

அந்த வாரம் இரண்டு லேப்டாப்போட நான் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

ஒன்று, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்டேஷன் வேலை பார்க்கிற தம்பியோடது. நம்ம கிளையன்ட். வீடு தாழ்வான பகுதி, கட்டில் உயரத்துக்குத் தண்ணி. அவர் லேப்டாப் கொஞ்சம் பழசு, விண்டோஸ் 10. பாஸ்வேர்டு போட்டிருந்தார், அதுவும் சாதாரணமா இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், நடுவில் ஒரு அட் குறி, மொத்தம் பதினாலு எழுத்து. அதில் அவருக்கு ஒரு பெருமை.

இன்னொன்று என் அத்தை மகனோடது. பெங்களூரில் ஐடி வேலை, அந்த மாசம் ஏரலில் வீட்டிலிருந்து வேலை. ஆபீஸ் லேப்டாப்பை எப்படியோ மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். சொந்த லேப்டாப் கீழேயே நின்னுபோச்சு. அது புதுசு, மெல்லிசு, விண்டோஸ் 11. நாலு இலக்க பின் போட்டிருந்தான். அவ்வளவுதான்.

கடைக்கார அண்ணாச்சி இரண்டையும் பிரிச்சார். இரண்டிலும் மதர்போர்டு காலி. இரண்டிலும் எஸ்எஸ்டி பிழைச்சிருந்தது. துடைச்சு, காய வச்சு வச்சிருந்தார்.

முதலில் தம்பியோடது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரு யுஎஸ்பி கேபிளில் அந்த எஸ்எஸ்டியை மாட்டி, கடையில் இருந்த கம்ப்யூட்டரில் செருகினார். ஒரு பென் டிரைவ் மாதிரி திறந்துச்சு. "அனுமதி இல்லை"ன்னு ஒரு பெட்டி வந்தது. "தொடரவா"ன்னு அதுவே கேட்டது. அண்ணாச்சி ஒரு கிளிக் பண்ணினார், கொஞ்ச நேரத்தில் மொத்த ஃபோல்டரும் கண்ணு முன்னாடி.

தம்பி முகம் மாறிடுச்சு. "அண்ணாச்சி, பாஸ்வேர்டு போட்டிருந்தேன்லா?"

"அது விண்டோஸுக்குள்ள போறதுக்கு தம்பி. நான் எங்க விண்டோஸுக்குள்ள போனேன்? டிஸ்கைல்லா தொறந்திருக்கேன்."

பதினாலு எழுத்து பாஸ்வேர்டை யாரும் உடைக்கலை. கேட்கவே இல்லை.

அடுத்து அத்தை மகனோடது. அதே மாதிரி ஒரு பெட்டியில் போட்டு, அதே கம்ப்யூட்டரில் செருகினார். டிரைவ் படத்துக்கு மேல சின்னதா ஒரு பூட்டு. திறந்தா 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. அவன் நாலு இலக்க பின்னைச் சொன்னான். அதுக்கு அங்க வேலையே இல்லை. சரி, அதே மாடல் மதர்போர்டு கிடைச்சா சரியாகிடும்னு நினைச்சு, இரண்டு வாரம் காத்திருந்து போர்டு வரவழைச்சு மாத்தினாங்க. ஆன் பண்ணினதும் நீலத்திரை. அதே 48 இலக்கம்.

"இப்படி ஒரு பூட்டு நான் போடவே இல்லையே அத்தான்" என்றான். நிஜம்தான். அவன் போடலை. அதுவாகவே போட்டுக்கிட்டது.

மூணு பூட்டு, மூணு வேலை

இங்கதான் பலருக்கும் குழப்பம். "கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு"ன்னு நாம பொதுவா சொல்றது மூணு வேற வேற விஷயம்.

விண்டோஸ் பாஸ்வேர்டு அல்லது பின். இது வாசக்கதவுப் பூட்டு. ஆபீஸில் டீ குடிக்கப் போகும்போது பக்கத்து சீட்காரர் உங்க சம்பள ஸ்லிப்பைப் பார்க்காம இருக்கவும், ஹாஸ்டல் ரூமில் யாரோ உங்க ஜிமெயிலைத் திறக்காம இருக்கவும் இது போதும். நடைமுறையில் நமக்கு வர்ற தொல்லையில் பெரும்பங்கு இந்த மாதிரி தெரிஞ்சவங்க கையாலதான், அதனால இதைக் குறைச்சு மதிப்பிடாதீங்க. ஆனா சுவரையே கழட்டி எடுக்கிறவருக்கு வாசக்கதவு ஒரு பொருட்டு கிடையாது. அண்ணாச்சி செஞ்சது அதுதான்.

பயாஸ் பாஸ்வேர்டு. லேப்டாப்பை ஆன் பண்ணின உடனே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கேட்கும். நிஜமான ஸ்டார்ட்டப் பாஸ்வேர்டு இதுதான். கம்பெனியைப் பொறுத்து எஃப்2, எஃப்10, எஃப்1, டிலீட் இப்படி ஏதோ ஒரு பட்டனை ஆன் ஆகும்போதே அழுத்தினா உள்ளே போகலாம். அதிலேயே இரண்டு வகை இருக்கு. ஒன்று, பயாஸ் செட்டிங்கை மாத்த விடாம தடுக்கிறது. இன்னொன்று, மெஷினையே ஆன் ஆக விடாம தடுக்கிறது. முதல் வகை போட்டா, பென் டிரைவிலிருந்து வேற சிஸ்டத்தை பூட் பண்றதைத் தடுக்கலாம். ஆனா டிஸ்கைக் கழட்டி வெளியே எடுத்துட்டா இதுவும் வெறும் கையோடு நிற்கும்.

பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி வட்ட பேட்டரியைக் கழட்டி மாட்டினாலே பயாஸ் பாஸ்வேர்டு அழிஞ்சிடும். இப்போ வர்ற பல லேப்டாப்பில் அந்த வேலை நடக்காது. மறந்தா பில்லோட கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகணும், சில மாடலில் மதர்போர்டையே மாத்தச் சொல்லுவாங்க. அதனால சொந்த லேப்டாப்புக்கு இதை நான் வலியுறுத்த மாட்டேன். போட்டா எழுதி வைங்க. எழுதி வைக்க முடியாதுன்னா போடாதீங்க.

மூணாவது, டிஸ்க் என்க்ரிப்ஷன். டிஸ்கில் இருக்கிற எழுத்தையே குலைச்சு வைக்கிறது. விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர்னு பேரு, ஹோமில் டிவைஸ் என்க்ரிப்ஷன்னு இருக்கும். ஆப்பிள் மேக் வச்சிருக்கீங்கன்னா ஃபைல்வால்ட். இதன் சாவி சாதாரண நாளில் மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் என்கிற பகுதிக்குள்ள இருக்கும். அதனால உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. டிஸ்கை வேற மெஷினில் மாட்டினாலோ, மதர்போர்டை மாத்தினாலோ, "நீ யாரு"ன்னு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்.

பேங்க் லாக்கரை நினைச்சுப் பாருங்க. உங்க சாவி தொலைஞ்சா, உங்க செலவில் ஆளைக் கூப்பிட்டு, உங்க முன்னாடியே உடைச்சுத் திறந்து கொடுப்பாங்க. இங்க உடைக்கிறதுக்கு ஆளே கிடையாது. மைக்ரோசாஃப்டே நினைச்சாலும், கீ அவங்ககிட்ட சேமிக்கப்படலைன்னா திறக்க முடியாது.

பல விண்டோஸ் 11 லேப்டாப்பில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு முதல்முறை உள்ளே போனதுமே இது தானாக ஆன் ஆகிடும். அப்போ அந்த 48 இலக்கம் அந்த அக்கவுன்டில் போய் உட்கார்ந்துக்கும். அப்படீன்னா என் அத்தை மகன் அக்கவுன்டில் இருக்கணுமே? அங்கதான் கதை.

லேப்டாப் வாங்கின அன்னைக்கு கடைப் பையன் "சார், நானே எல்லாம் செட் பண்ணித் தந்துடறேன்"னு சொல்லியிருக்கான். இவனும் பக்கத்தில் டீ குடிக்கப் போயிட்டான். கடைப் பையன் ஏதோ ஒரு இமெயிலைப் போட்டு செட் பண்ணி, அப்புறம் இவன் கிட்ட பின் மட்டும் கேட்டுப் போட்டிருக்கான். இரண்டு வருஷம் கழிச்சு அந்தக் கடையில் போய் நின்னா, அந்தப் பையன் வேலையை விட்டுப் போயாச்சு. எந்த இமெயில்னு யாருக்கும் தெரியலை. ஒவ்வொரு புது லேப்டாப்புக்கும் ஒவ்வொரு இமெயில் உருவாக்குவாங்களாம்.

அந்த டிஸ்கில் இருந்த வரிப் பேப்பர் எல்லாத்தையும் வேற வழியில் எடுத்துட்டோம். பங்கு விற்ற கணக்கு புரோக்கர்கிட்ட இருந்து வந்தது, ஃபார்ம் 16 கம்பெனியிலிருந்து வந்தது. திரும்ப வராதது மாமாவோட படங்கள். மாமா தவறினது 2022-ல். கடைசி இரண்டு வருஷப் படமும் வீடியோவும் போனிலிருந்து லேப்டாப்புக்கு மாத்தி, போனில் இடம் வேணும்னு அங்க அழிச்சிருந்தான். அந்த எஸ்எஸ்டியை இன்னைக்கும் தூக்கிப் போடலை. டிராயரில் வச்சிருக்கான். நல்லாத்தான் இருக்கு, ஒரு பழுதும் இல்லை.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே நிலைமை வந்திருக்கு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத்திரையில் நின்னுச்சு. இங்க ஏர்போர்ட்டில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க. சரிபண்ண உட்கார்ந்த ஐடி ஆட்களில் பலருக்கு அன்னைக்கு இருந்த தலைவலி, ஒவ்வொரு மெஷினுக்கும் அந்த 48 இலக்கத்தைத் தேடிப்பிடிக்கிறதுதான்.

பணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தம்பியோட டிஸ்குக்குத் திரும்புவோம். அண்ணாச்சி நல்ல மனுஷன். ஃபைலை காப்பி பண்ணிக் கொடுத்துட்டு, எங்க முன்னாடியே தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழிச்சார். ஆனா அந்தப் பத்து நிமிஷத்தில் திரையில் என்னென்ன ஓடுச்சுன்னு நானும் பார்த்தேன். பான் கார்டு ஸ்கேன். ஆதார். கையெழுத்துப் போட்ட கேன்சல்டு செக். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஆறு மாச சம்பள ஸ்லிப். ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். எல்லாம் ஒரு பர்சனல் லோனுக்காக எடுத்து வச்சது.

கவனிச்சீங்களா? ஒருத்தர் பேரில் லோன் கேட்க என்னென்ன வேணுமோ, அது அத்தனையும் ஒரே ஃபோல்டரில், வரிசையா, பேர் போட்டு இருந்தது. கடைசியா ஓடிபி ஒண்ணுதான் பாக்கி. பக்கத்திலேயே ஒரு எக்செல் ஃபைல், பேரே "பாஸ்வேர்ட்ஸ்".

"என்கிட்ட இருக்கிற பிடிஎஃப் எல்லாத்துக்கும் பாஸ்வேர்டு இருக்கு சார்"னு சிலர் சொல்வீங்க. அந்தப் பாஸ்வேர்டு என்னன்னு யோசிங்க. ஏஐஎஸ் திறக்க, சின்ன எழுத்தில் பான் நம்பரும் பிறந்த தேதியும். ஈ-ஆதார் திறக்க, பேரில் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும். மியூச்சுவல் ஃபண்ட், ஷேர் எல்லாம் சேர்ந்து மாசாமாசம் வர்ற ஸ்டேட்மென்டுக்கு பான் நம்பர். பான் கார்டு ஸ்கேனில் பேர், நம்பர், பிறந்த தேதி மூணுமே இருக்கு. அந்த ஸ்கேனும் அதே ஃபோல்டரில்தான் இருக்கு. இந்தப் பாஸ்வேர்டெல்லாம் மெயில் வழியில் வேற யார் கைக்காவது போனா கொஞ்சம் தடுக்கும். உங்க டிஸ்கே அடுத்தவர் கையில் இருந்தா, பூட்டுப் பக்கத்திலேயே சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி ஒண்ணு இருக்கு, சம்பளக் கணக்கு வச்சிருக்கிற எல்லாரும் தெரிஞ்சிருக்கணும். நீங்களும் காரணம் இல்லை, வங்கியும் காரணம் இல்லை, வேற எங்கேயோ ஓட்டைன்னா, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள வங்கிக்குச் சொல்லிட்டா உங்களுக்கு நஷ்டம் இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாள் ஆச்சுன்னா, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு உங்க பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனா உங்க கவனக்குறைவால் பணம் போயிருந்தா, நீங்க வங்கிக்குச் சொல்ற வரைக்கும் போன மொத்தமும் உங்க தலையில். சொன்ன பிறகு போனா வங்கியோட பொறுப்பு. நெட் பேங்கிங் பாஸ்வேர்டை எக்செலில் எழுதி, பூட்டாத டிஸ்கில் வச்சிருந்தது எந்தக் கணக்கில் வரும்னு வங்கிக்காரங்களோட வாதாடுற நிலைமைக்கு உங்களைக் கொண்டுபோய் விடாதீங்க. நான் அந்த மாதிரி ஒரு வாதத்தில் கிளையன்ட் பக்கம் உட்கார்ந்திருக்கேன். சுகமான இடம் இல்லை அது.

இன்னைக்கு சாயங்காலமே செய்யுங்க

அரை மணி நேரம் ஆகும். கையில் ஒரு பேப்பரும் பேனாவும் வச்சுக்கோங்க.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ் போய், யாருடைய இமெயில் அங்க இருக்குன்னு முதலில் பாருங்க. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. உங்க இமெயில் இல்லைன்னா, வேற எதுவும் செய்றதுக்கு முன்னாடி உங்க அக்கவுன்டுக்கு மாத்துங்க. "லோக்கல் அக்கவுன்ட்"னு இருந்தா அதுவும் பரவாயில்லை, ஆனா அப்போ ரெக்கவரி கீயை நீங்களேதான் சேமிக்கணும்.

அதே இடத்தில் சைன்-இன் ஆப்ஷன்ஸில் பின் போடுங்க. ஆறு இலக்கமாவது இருக்கட்டும். பிறந்த தேதி வேண்டாம், காரணம் மேலேயே சொல்லிட்டேன். சீட்டை விட்டு எழும்பும்போது விண்டோஸ் பட்டனோட எல் எழுத்தை அழுத்துங்க, பூட்டிக்கும். இது பழக்கம் ஆக ஒரு வாரம் போதும்.

அப்புறம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் டிவைஸ் என்க்ரிப்ஷன் இருக்கான்னு பாருங்க. ஆன்ல இருந்தா நல்லது. ஆஃப்ல இருந்தா ஆன் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி முக்கியமான ஃபைலை வெளியில் ஒரு காப்பி எடுத்துக்கோங்க. அந்த ஆப்ஷனே இல்லைன்னா உங்க மெஷின் பழசா இருக்கலாம். இன்னும் விண்டோஸ் 10 ஓட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை: மைக்ரோசாஃப்டோட வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. அந்த மெஷினில் நெட் பேங்கிங் பண்றதை நான் விரும்ப மாட்டேன்.

இப்போ பேப்பர். போனில் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுக்குள்ள போய், டிவைசஸ் பகுதியில் பிட்லாக்கர் ரெக்கவரி கீயைத் தேடுங்க. ஆறு ஆறு இலக்கமா எட்டு கட்டு இருக்கும். கையால் எழுதுங்க, இல்லை பிரின்ட் எடுங்க. எழுதினா இரண்டு தடவை சரிபாருங்க, ஒரு இலக்கம் தப்பினாலும் திறக்காது. அந்தப் பேப்பரை லேப்டாப் பைக்குள்ள வைக்காதீங்க. லேப்டாப் டெஸ்க்டாப்பில் போட்டோ எடுத்தும் வைக்காதீங்க. கேட்க வேடிக்கையா இருக்கும், ஆனா நிறைய பேர் அங்கதான் வச்சிருக்காங்க.

மறக்காம இன்னொன்று. என்க்ரிப்ஷன் திருட்டுக்கு மருந்து, வெள்ளத்துக்கு இல்லை. மாசம் ஒரு தடவை வெளி டிஸ்கிலோ கிளவுடிலோ ஒரு காப்பி வேணும். வெளி டிஸ்கை வீட்டில் வைக்கிறதா இருந்தா பரண் மேல வைங்க. எங்க ஊர்ல இதைச் சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க.

வருமான வரி போர்ட்டலில் ஈ-ஃபைலிங் வால்ட்னு ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டுட்டா, உங்க பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஆதார் ஓடிபியோ நெட் பேங்கிங்கோ இல்லாம உள்ளே வர முடியாது. இரண்டு நிமிஷ வேலை. ரீஃபண்டுக்கான பேங்க் கணக்கை யாரும் மாத்திடக் கூடாதுன்னா இதைப் போட்டு வைங்க.

அடுத்தவர் போட்ட பூட்டு

ஒரு பழைய விஷயம் சொல்லணும். விண்டோஸில் முன்னாடி சிஸ்கீ-ன்னு ஒரு கருவி இருந்தது. அதில் ஒரு ஆப்ஷனோட பேரே "ஸ்டார்ட்டப் பாஸ்வேர்டு". போட்டுட்டா, விண்டோஸ் தொடங்கும்போதே அதைக் கேட்கும், தெரியலைன்னா உள்ளே போக முடியாது. பாதுகாப்புக்காகக் கொடுத்த இந்த வசதியை மோசடிக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. "மைக்ரோசாஃப்ட்ல இருந்து பேசுறோம், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ்"னு போன் பண்ணி, தூரத்திலிருந்தே மெஷினுக்குள்ள வந்து, ஒரு ஸ்டார்ட்டப் பாஸ்வேர்டைப் போட்டுட்டு, அதைச் சொல்லப் பணம் கேட்பாங்க. கடைசியில் 2017-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவியையே எடுத்துட்டாங்க.

கருவி போச்சு, போன் போகலை. இப்போ "ரீஃபண்ட் நிக்குது", "கேஒய்சி முடியுது"ன்னு வருது. எனிடெஸ்க் மாதிரி ஆப் போடச் சொல்வாங்க. ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி வங்கிகளை எச்சரிச்சிருக்கு. நீங்க உள்ளே விட்டுட்டா, மேல சொன்ன மூணு பூட்டும் திறந்தே இருக்கும். ஏன்னா லாகின் ஆகி உட்கார்ந்திருக்கிறதே நீங்கதானே.

ஆபீஸ் லேப்டாப் உங்களோடது இல்லை

அதோட ரெக்கவரி கீ கம்பெனி ஐடி ஆட்கள்கிட்ட இருக்கும். அது சரிதான், அப்படித்தான் இருக்கணும். ஆனா அதில் உங்க ஃபார்ம் 16, வீட்டுக் கடன் பேப்பர், அம்மாவோட மெடிக்கல் பில் எல்லாம் இருந்தா, ராஜினாமா கொடுத்த அன்னைக்கே லாகின் போயிடலாம். கடைசி நாள் எடுத்துக்கலாம்னு இருந்து ஏமாந்தவங்க மார்ச் மாசத்தில் என்கிட்ட வர்றது வழக்கம். அப்புறம், அந்த லேப்டாப்பில் உங்க சொந்த ஜிமெயிலைப் போட்டு குரோமில் சிங்க் ஆன் பண்ணியிருந்தீங்கன்னா, சேமிச்ச பாஸ்வேர்டெல்லாம் அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும். கொடுக்கிறதுக்கு முன்னாடி சைன் அவுட் பண்ணுங்க.

தொலைஞ்சே போச்சுன்னா

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் எழும்புறீங்க, பை இல்லை. முதலில் மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க, எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் கொடுங்க. மெயில்தான் மத்த எல்லா பாஸ்வேர்டுக்கும் தாய். அடுத்து நெட் பேங்கிங், புரோக்கர் கணக்கு. பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போன், அதோட வங்கிக்கும் சொல்லி புகார் எண் வாங்குங்க. திருட்டுன்னா ரயில்வே போலீஸில் புகார். ஒரு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, தெரியாத லோன் விசாரணை ஏதாவது இருக்கான்னு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும். காசு கட்டி எடுக்காதீங்க.

கிளியரிங் ஆபீஸ் தம்பி இப்போ புது லேப்டாப் வாங்கிட்டார். கடையில் டீ குடிக்கப் போகலை, பக்கத்திலேயே நின்னு தன் இமெயிலைத் தானே போட்டாராம். அத்தை மகனும் வாங்கினான். வாங்கின அன்னைக்கே 48 இலக்கத்தைப் பேப்பரில் எழுதி, ஏரலுக்கு வந்தப்போ அத்தைகிட்ட கொடுத்து பீரோவில் வைக்கச் சொன்னான். அத்தை பேப்பரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாங்க.

"என்னல இது, போன் நம்பரா? இம்புட்டு நீளமா இருக்கு?"

"இல்லம்மா. லேப்டாப்போட சாவி."

"சாவின்னா என்கிட்ட இருக்கட்டும். நீ தொலைச்சிருவ" என்று சொல்லி, மாமாவோட எல்ஐசி பாண்டு வச்சிருந்த அதே பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு, பீரோவில் மேல் தட்டில் வச்சாங்க.